கீதாரியும் பதினஞ்சு புழுக்கையும்

இந்த வாரம் உளுந்து விலையைப் பத்தி எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். மனசு ஓடலை. உளுந்து பறிச்சு, அடிச்சு, தூத்தி, மூட்டை கட்டி முடிஞ்சது. வயல் வெறும் தரையா கிடக்கு. வேற வருஷமா இருந்தா இந்நேரம் கீதாரி வந்து கிடை போட்டிருப்பார். ராத்திரி சாப்பிட்டுட்டு மோட்டார் கொட்டகைக்குப் போனா அவர் எனக்கு முன்னாடியே அங்க உட்கார்ந்திருப்பார். போன மார்கழியில அவர் போயிட்டார். அவரைப் பத்தி எழுதாம உளுந்தைப் பத்தி எழுத முடியலை.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்குக் கீதாரின்னா யாருன்னு சொல்லிடறேன். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துல இருந்து செம்மறி ஆடுகளை ஓட்டிக்கிட்டு எங்க தஞ்சாவூர், திருவாரூர் சீமைக்கு வர்றவங்க. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர்தான் கீதாரி. அறுவடை முடிஞ்ச வயல்ல பகல் பூரா ஆடு மேயும். ராத்திரி ஒரு வயலைச் சுத்திப் படல் கட்டி அதுக்குள்ள எல்லா ஆட்டையும் அடைப்பாங்க. அதுதான் கிடை. காலையில பார்த்தா வயல் பூரா புழுக்கையும் மூத்திரமும். நமக்கு எரு, அவங்களுக்குக் கூலி. முன்னாடி நெல்லா அளந்தோம், இப்ப பணம். 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்'னு எங்கப்பா சொல்வார். கிடை போட்ட வயலை, நட்ட இருபதாம் நாள் பயிரோட பச்சையை வச்சே தூரத்துல இருந்து சொல்லிடலாம்.

ஊர்ல எல்லாரும் அவரைக் கீதாரின்னுதான் கூப்பிட்டோம். நானும் அப்படித்தான். இங்கயும் அப்படியே இருக்கட்டும்.

அவர் முதல்ல எங்க வயலுக்கு வந்தது 1998-ல. எனக்கு அப்ப முப்பது கூட ஆகலை. அவர் என்னைவிட எட்டு ஒன்பது வயசு மூத்தவர். கிடை கூலி பேச சாயங்காலம் போனேன். பனையோலைக் கூட்டுக்குப் பக்கத்துல தரையில கோடு கிழிச்சு, தனியா உட்கார்ந்து காய் நகர்த்திக்கிட்டிருந்தார். ஆடு புலி ஆட்டம். புலிக்கு மூணு ஓட்டாஞ்சில்லு. ஆட்டுக்கு என்ன வச்சிருந்தார் தெரியுமா? காஞ்ச ஆட்டுப் புழுக்கை. பதினஞ்சு புழுக்கை.

"ரெண்டு பக்கமும் நீங்களேவா?"ன்னு கேட்டேன்.

"ஆளு கெடைக்கலைங்கய்யா. கூட வந்த பயலுக பூராம் தூங்கிட்டானுக."

எங்க வீட்டுல விளையாட்டுன்னா எங்கம்மாவுக்கும் எனக்கும் சோறு தண்ணி வேண்டாம். தாயம், பல்லாங்குழி, ஆடு புலி எல்லாம் அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். கல்யாணம் ஆகி, நிலத்தைப் பிரிச்சுக்கிட்டு, பொழைப்புன்னு ஆனதுக்கு அப்புறம் உட்கார்ந்து விளையாட ஆளே இல்லை. வாசகசாலையில கேரம் போர்டு இருந்தது, அதுல இளவட்டங்க காசு வச்சு ஆடுவாங்க. அதனால அன்னைக்கு அவர் எதிர்ல குத்துக்கால் போட்டு உட்கார்ந்துட்டேன். நான் புலி எடுத்தேன். ரெண்டு ஆட்டம் தோத்தேன். முதல் ஆட்டம் வரைக்கும் "அய்யா". ரெண்டாவது ஆட்டத்துல மூணு புலியையும் அடைச்சுட்டு, "என்ன தம்பி, கூலி பேசலாமா?"ன்னார். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் தம்பிதான்.

ஆட்டம் தெரியாதவங்களுக்காக. பழைய கோயில் மண்டபங்கள்ல கல் தரையில வெட்டின கட்டத்தைப் பார்த்திருப்பீங்க. உச்சியில ஒரு புள்ளி. அதுல இருந்து நாலு கோடு கீழ இறங்கும். குறுக்கே மூணு கோடு, ரெண்டு பக்கமும் வெளியே நீட்டி, அந்த நுனிகளை மேலிருந்து கீழ இணைச்சிருக்கும். அடியில ஒரு கோடு. எண்ணினா 23 புள்ளி வரும். புலி மூணு, ஆடு பதினஞ்சு. புலிங்க மேல தயாரா நிக்கும். ஆட்டுக்காரர் ஒரு ஆடு வைக்கணும், புலிக்காரர் ஒரு புலியை நகர்த்தணும், இப்படி மாத்தி மாத்தி. பதினஞ்சையும் வச்சு முடிக்கிற வரைக்கும் வச்ச ஆட்டை நகர்த்தக் கூடாது. பக்கத்துல ஆடு இருந்து, அதுக்கு நேர் பின்னாடி இடம் காலியா இருந்தா புலி தாண்டி வெட்டிடும். மூணு புலியும் நகர முடியாம அடைபட்டா ஆடு ஜெயிச்சது. எங்க கணக்குல அஞ்சு ஆடு போயிட்டா புலி ஜெயிச்சது.

புதுசா ஆடறவங்க எல்லாரும் புலிதான் கேப்பாங்க. எடுத்த உடனே வெட்டலாம், குஷியா இருக்கும். ஆடு ஆடறதுதான் கஷ்டம். கீதாரி எப்பவும் ஆடுதான். ஒருநாள் ஏன்னு கேட்டேன்.

"ஆடு எப்படி யோசிக்கும்னு உங்களுக்குத் தெரியும், அதானே?"ன்னேன்.

"ஆடு எங்க தம்பி யோசிக்கும்? முன்னாடி ஒண்ணு கெணத்துல விழுந்தா பின்னாடியே பத்து விழும். நாமதேன் அதுகளுக்கும் சேத்து யோசிக்கணும்."

அவர் ஆடற விதத்தைச் சொல்றேன். இந்தக் கட்டத்துல உச்சிப் புள்ளியை விட்டுட்டா, புலியால தாண்டவே முடியாத இடம் ஆறு இருக்கு. நீட்டின குறுக்குக் கோடுகள்ல மேல்கோட்டுக்கு ரெண்டு நுனி, கீழ்கோட்டுக்கு ரெண்டு நுனி, அப்புறம் அடிக்கோட்டோட ரெண்டு முனை. அங்க கோடெல்லாம் முடிஞ்சு போகுது, பின்னாடி குதிக்க இடம் இல்லை. முதல் ஆறு ஆட்டை அவர் கண்ணை மூடிக்கிட்டு அந்த ஆறு இடத்துல வைப்பார். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆட்டுக்கும் முதுகுக்குப் பின்னாடி இன்னொரு ஆடு. நடுவுல சந்து விடவே மாட்டார். ஒரு ஆடு கூடப் போகாம பதினஞ்சையும் வச்சுட்டா 23-ல பதினெட்டு இடம் நிறைஞ்சிடும். புலிக்கு மூச்சு விட அஞ்சே இடம். அப்புறம் அந்த அஞ்சை மெதுவா அடைக்கிறதுதான் வேலை.

நல்லா ஆடறவங்க பலபேர் ஒரு ஆட்டைக் காவு குடுத்துப் புலியை ஒரு மூலைக்கு இழுப்பாங்க. நான் ஆடு எடுத்தா அப்படித்தான் ஆடுவேன். அவருக்கு அது பிடிக்காது. ஜெயிக்கிற ஆட்டமா இருந்தாலும் தெரிஞ்சு ஒரு ஆட்டை விடமாட்டார். அதனாலேயே சில ஆட்டம் தோப்பார். "போகட்டும்"பார்.

தாயம் மட்டும் அவருக்கு ஆகாது. எங்க வீட்டுல பித்தளைத் தாயக்கட்டை ஜோடி ஒண்ணு இருந்தது, எங்கம்மாவோடது. ஒரு மழை ராத்திரி கிடையில தண்ணி நின்னுடுச்சு, ஆளுங்க எல்லாரும் எங்க திண்ணையில வந்து படுத்தாங்க. அன்னைக்கு எங்கம்மா அவரை வற்புறுத்தி உட்கார வச்சாங்க. ஒரு காய் இறங்கணும்னா தாயம் விழணும். எங்கம்மாவுக்குத் தாயம், அஞ்சு, தாயம், பன்னெண்டுன்னு விழுது. இவருக்கு ரெண்டு, மூணு, நாலு. காய் ஒண்ணு கூடக் கட்டத்துக்குள்ள வரலை. எங்கம்மா மூணு காயைப் பழமாக்கிட்டாங்க. "ஆத்தா, இது கட்டை ஆடுற ஆட்டம், மனுசன் ஆடுறதில்ல"ன்னுட்டு எழுந்திருச்சுட்டார். எங்கம்மா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கு இன்னமும் தாயம் பிடிக்கும். வாழ்க்கையில பாதி கட்டை விழறதுதானேன்னு அவர்கிட்ட வாதாடியிருக்கேன். "அதேன் வெளையாட்டுலயாவது வேணாங்கிறேன்"பார்.

2006-ல மோட்டார் கொட்டகைக்கு சிமெண்டுத் தரை போட்டேன். தரை ஈரமா இருக்கும்போதே அவர் ஒரு கருவேலங்குச்சியை வச்சு ஓரமா கட்டம் கீறிட்டார். கொத்தனார் கத்தினார். நான் விட்டுடுங்கன்னு சொன்னேன். 2018 கஜா புயல்ல கொட்டகை மேல தென்னை விழுந்து ஓடு பூரா போச்சு. சுவர்ல ஒரு பக்கம் போச்சு. தரையும் கட்டமும் அப்படியே இருந்தது.

இப்ப 2011-க்கு வர்றேன். இதை எழுதறதா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

அந்த வருஷம் போருக்குப் பக்கத்துல பத்துக் குழி இடத்துல கத்தரி போட்டிருந்தேன். தண்டுத் துளைப்பான் தாங்க முடியலை. கடையில குடுத்த மருந்தை வாங்கிக் காலையில அடிச்சேன். காய்கறிக்கு அடிக்கவே கூடாத மருந்து அதுன்னு எனக்குப் பின்னாடிதான் தெரியும். அடிச்சு முடிச்சு தெளிப்பானைக் கழுவி, அந்தத் தண்ணியைப் போருக்குப் பக்கத்துல இருந்த ஒரு சின்னக் குழியில கொட்டினேன். எப்பவும் அங்கதான் கொட்டுவேன். கிடை அடுத்த வயல்ல இருக்குன்னு தெரியும். பெரிய ஆடுங்க மேய்ச்சலுக்குப் போயிடும், குட்டிங்க மட்டும் கூட்டுக்குப் பக்கத்துலயே சுத்தும்னும் தெரியும். தோணலை. அவ்வளவுதான், தோணலை.

மத்தியானம் மன்னார்குடிக்கு ஒரு வேலையா போயிட்டு சாயங்காலம் திரும்பினேன். நாலு குட்டி செத்துக் கிடந்தது. நாலும் கெடாக்குட்டி. வாயில நுரை. ஒரு பையன் அழுதுக்கிட்டு நின்னான். கீதாரி ஒவ்வொண்ணா வாயைத் தொறந்து மோந்து பார்த்துக்கிட்டிருந்தார்.

"எதையோ தின்னுருச்சுக தம்பி"ன்னார்.

நான் "அடடா"ன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் என் வாயில வந்தது.

ராத்திரி தூக்கம் வரலை. அவர் ஓட்டிக்கிட்டு வர்ற ஆட்டுல பாதி அவரோடது இல்லை. ஊர்ல வேற ஆளுங்களோடது, வாரத்துக்கு வளர்க்கிறார். திரும்பிப் போய்க் கணக்குச் சொல்லணும். நான் ஒத்துக்கிட்டா நாலு குட்டிக்கான காசை நான்தான் குடுக்கணும். அந்த வருஷம் என் கையில காசு இல்லை, கூட்டுறவு வங்கியில நகை இருந்தது. பயம்னு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா நான் போட்டது காசுக்கணக்கு.

விடியறதுக்கு முன்னாடி மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போய் அந்தக் குழியை மூடினேன். பாதி மூடும்போது நிமிர்ந்து பார்த்தா, வரப்புல கீதாரி நிக்கிறார். கையில தொரட்டி. எவ்வளவு நேரமா நின்னாரோ. ஒண்ணும் கேட்கலை. திரும்பி நடந்துட்டார். நான் மீதியையும் மூடினேன்.

அன்னைக்கு ராத்திரி அவர் வரமாட்டார்னு நினைச்சேன். வந்தார். உட்கார்ந்தார். புழுக்கையை என் பக்கம் தள்ளிட்டு மூணு சில்லை அவர் எடுத்துக்கிட்டார்.

"இன்னைக்கு நான் புலி."

பதிமூணு வருஷத்துல முதல் தடவை. எனக்குக் கை ஓடலை, கண்ட இடத்துல வச்சேன். வைக்க வைக்க வெட்டினார். நாலு போனதும் நிறுத்தினார். இன்னொண்ணு வெட்ட இடம் இருந்தது, எனக்கே தெரிஞ்சது. வெட்டலை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கிட்டு, "வாரேன் தம்பி"ன்னு போயிட்டார்.

அதுக்கடுத்த ராத்திரி மறுபடியும் ஆடு எடுத்துக்கிட்டார். அடுத்த வருஷம் சித்திரையில வழக்கம்போல வந்தார். கூலி ஒரு ரூபாய் கூடக் கேட்கலை, குறைக்கவும் இல்லை. நானும் சொல்லலை. முதல் நாள் சொல்லாததை ரெண்டாம் நாள் சொல்றது கஷ்டம். ஒரு வருஷம் கழிச்சு இன்னும் கஷ்டம். பத்து வருஷம் ஆனதுக்கு அப்புறம், அவரே மறந்திருப்பார், கிளறுவானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்த மருந்தை அதுக்கப்புறம் நான் வாங்கலை. ஆனா அதை அவருக்குத் தெரியற மாதிரி சொன்னதும் இல்லை.

2020-ல ஊரடங்கு. மார்ச் கடைசியில அறிவிச்சப்ப அவங்க ஏற்கெனவே பக்கத்து ஊர்ல இருந்தாங்க. திரும்பிப் போகவும் முடியாது, ஒரே இடத்துல இருக்கவும் முடியாது, ஆட்டுக்கு மேய்ச்சல் வேணுமே. எங்க தெருவுல நாலு பேர், வெளியூர்க்காரங்க ஊருக்குள்ள வரக்கூடாதுன்னாங்க. வருஷா வருஷம் அவர் கிடை போட்ட வயல்ல நெல் விளைஞ்சு சாப்பிட்டவங்கதான். எனக்குக் கோபம் வந்தது. "என் வயல்ல இருக்கட்டும், யாரும் தெருவுக்கு வரமாட்டாங்க"ன்னு சொல்லிட்டேன். அதைப் பெரிய உபகாரம்னு சொல்லிக்க மாட்டேன். எனக்கு அவர்கிட்ட இருந்த பாக்கி வேற.

அந்த ரெண்டரை மாசம்தான் நாங்க அதிகமா ஆடினது. பகல்லயும் ஆடினோம். துண்டை மூக்குல கட்டிக்கிட்டு ரெண்டு கை தள்ளி உட்கார்ந்து ஆடினோம். சுவர்ல கரியால கோடு போட்டுக் கணக்கு வச்சோம். கடைசியில அவர் 61, நான் 48. என் பையன் அப்ப சென்னையில இருந்து வந்து வீட்டுல அடைஞ்சு கிடந்தான். நேபாளத்துல இதே மாதிரி ஒரு ஆட்டம் இருக்குன்னு செல்போன்ல காட்டினான். அங்க சதுரக் கட்டம், 25 புள்ளி. நாலு புலி, இருபது ஆடு. கீதாரி அதை உத்துப் பார்த்துட்டு, "நாலு புலியா? அந்த ஊர்ல ஆடு மேய்க்கிறவன் பாடு திண்டாட்டந்தேன்"ன்னார். பையன் செல்போனோட ஆடச் சொன்னான். ரெண்டு நிமிஷத்துல திருப்பிக் குடுத்துட்டார். எதிர்ல ஆள் முகம் தெரியலைன்னா எப்படி ஆடறதுன்னு கேட்டார்.

அந்த வருஷம் ஜூன் 12-ல மேட்டூர் திறந்தாங்க. எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வர்றதுக்குள்ள அவங்க கிளம்பிட்டாங்க. தண்ணி வந்தா கிடைக்கு இடம் கிடையாது, அவ்வளவுதான் கணக்கு.

2022-ல மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துட்டாங்க. அவ்வளவு சீக்கிரம் யாரும் எதிர்பார்க்கலை. எங்களுக்குச் சந்தோஷம். கீதாரிக்கு ஒரு மாச மேய்ச்சல் போச்சு. கிளம்பற அன்னைக்குக் காலையில ஒரு ஆட்டம் பாதியில நின்னது. பதினாலு ஆடு கட்டத்துல இருந்தது, ஒரு புலி அடைபட்டிருந்தது, நான் நகர்த்தணும். பையனுங்க ஆட்டை ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. "அப்படியே இருக்கட்டும், அடுத்த வருசம் பாப்பம்"ன்னார். அப்படியே இருக்குமா, அணில் வந்து புளியங்கொட்டையை உருட்டிடும். (புழுக்கையை விட்டு நாங்க புளியங்கொட்டைக்கு வந்து ரொம்ப வருஷமாச்சு. என் சம்சாரத்தோட உத்தரவு.) செல்போன்ல படம் எடுத்து வச்சேன்.

2023-ல அவர் வரலை. முழங்கால் போச்சு. மகன் கிடையை ஓட்டிக்கிட்டு வந்தார். நான் போன் பண்ணி, நிறுத்தின ஆட்டத்தைப் போன்லயே முடிப்போம்னு சொன்னேன். அவரும் அங்க திண்ணையில கட்டம் கீறி, நான் சொல்லச் சொல்லக் காயை வச்சார். "ரெண்டாம் கோட்டுல இடது கைப் பக்கம்"னு நான் சொல்வேன். யாரோட இடது கைன்னு அவர் கேட்பார். நாங்க எதிர் எதிரா உட்கார்ந்து ஆடினவங்க, என் இடது அவருக்கு வலது. மூணு நகர்த்தல் வந்ததும் அவர் கட்டத்துல ரெண்டு புலி வெளிய நிக்குது, என் கட்டத்துல ரெண்டு புலி அடைஞ்சு கிடக்குது. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடுச்சு. "நேர்ல வாங்க தம்பி, முடிப்பம்"னார். குறுவை நடவு, சம்பா நடவு, களைன்னு நான் போகலை.

மார்கழியில மகன் போன் பண்ணினார். அன்னைக்கே எடுத்துடறாங்கன்னார். என்னால போய்ச் சேர முடியலை. கருமாதிக்கு அடுத்த வாரம் போனேன். பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, தேவகோட்டை, பரமக்குடின்னு பஸ் மாறி மாறிப் போய், அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. இருபத்தஞ்சு வருஷம் அவர் எங்க ஊருக்கு வந்திருக்கார், நான் அவர் ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. கருவேலங்காடு, வறண்ட கண்மாய். இங்கிருந்து நடந்தே எங்க ஊர் வரைக்கும் வந்திருக்கார்னு பஸ்ல உட்கார்ந்து வந்த எனக்கு இடுப்பு வலிக்கும்போது நினைச்சுக்கிட்டேன்.

திண்ணையில அந்தக் கட்டம் இருந்தது. சுண்ணாம்புக் கட்டியில கீறினது, பாதி அழிஞ்சிருந்தது.

அவர் சம்சாரம் எனக்குத் தண்ணி குடுத்துட்டு நிலைப்படிக்கிட்ட உட்கார்ந்தாங்க. "உங்க ஊரைப் பத்தித்தேன் எந்நேரமும் பேசுவாக. உங்க ஊர்லதேன் ஒரு வருசம் நாலு குட்டியைப் பாம்பு கடிச்சிருச்சு, இல்லைங்க?"ன்னாங்க.

எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. அப்புறம் புரிஞ்சது. ஊர்ல ஆட்டுக்காரங்ககிட்ட அவர் சொன்ன கணக்கு அது. பாம்பு.

"பாம்பு இல்லைம்மா"ன்னேன். சொன்னேன். தெளிப்பானைக் கழுவினது, குழி, விடியக்காலம் மூடினது, அவர் வரப்புல நின்னு பார்த்தது எல்லாத்தையும். பதிமூணு வருஷம் கழிச்சு, கேட்க வேண்டியவர் இல்லாத வீட்டுல.

அந்தம்மா கொஞ்ச நேரம் பேசலை. முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டிருந்தாங்க.

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அந்த வருசம் சின்னவளுக்குச் சடங்கு வச்சிருந்தோம். அதுக்கு எடுத்து வச்ச காசைத்தேன் ஆட்டுக்காரவுகளுக்குக் குடுத்தாக. சடங்கு வீட்டளவுல முடிச்சுப்புட்டோம். நான் ஒரு மாசம் அவுக கூடப் பேசலை."

சட்டைப்பையில பணம் கொண்டு போயிருந்தேன், துக்க வீட்டுக்குக் குடுக்கறதுக்கு. அதைத் தொடவே கூச்சமா இருந்தது. எடுத்து நீட்டினேன். அவங்க வாங்கலை. கோபமாவும் சொல்லலை. "இப்ப என்னத்துக்கு"ன்னாங்க. அப்புறம் எழுந்து உள்ள போய் இலை போட்டாங்க. கருவாட்டுக் குழம்பு. மகன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டார். அவரும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார், ஒண்ணும் சொல்லலை. பஸ் ஏத்திவிட பைக்ல கூட்டிட்டு வந்தார். வழி பூரா மழை இல்லாததைப் பத்திப் பேசினார்.

திரும்பி வந்ததுல இருந்து எனக்குப் புரியாதது ஒண்ணு இருக்கு. மன்னிச்சுட்டார்னு நினைச்சா எனக்குச் சுலபமா இருக்கும். ஆனா அந்த ராத்திரி என்கிட்ட இருந்து நாலு ஆட்டை வெட்டிட்டு, அஞ்சாவதை வெட்டாம எழுந்து போனாரே. நாலுக்கு நாலு, கணக்குத் தீர்ந்ததுன்னு அர்த்தமா, இல்லை நீயா சொல்லுன்னு காத்திருந்தாரா? காத்திருந்தார்னா பன்னெண்டு வருஷம் காத்திருந்திருக்கார். ஒவ்வொரு ராத்திரியும் எதிர்ல உட்கார்ந்து.

முந்தாநாள் மகன் போன் பண்ணினார். பக்கத்து ஊர்ல கிடை இருக்கு, வெள்ளிக்கிழமை நம்ம வயலுக்கு வர்றோம்னார். எனக்கு அது எதிர்பார்க்காததுதான். அவருக்கு ஆடு புலி ஆடத் தெரியாது, செல்போன்ல வேற என்னமோ ஆடுவார். கிடை கூலி எவ்வளவுன்னு கேட்டேன். போன வருஷத்துதேன்னார். நாலு கெடாக்குட்டி இன்னைக்கு என்ன விலைன்னு ஆட்டுச் சந்தையில விசாரிச்சு அந்தப் பணத்தைத் தனியா ஒரு கவர்ல வச்சிருக்கேன். அவர் அம்மா மாதிரியே அவரும் வாங்காம போகலாம்.

குழி இருந்த இடத்துல இப்ப ஒரு முருங்கை நிக்குது, நல்லாத் தழைச்சிருக்கு. குட்டிங்களுக்கு அதுல ஒடிச்சுப் போட்டுக்கச் சொன்னேன். அப்புறம் மோட்டார் கொட்டகைத் தரையைக் கழுவி விட்டேன். செல்போன் படத்தைப் பார்த்துப் பார்த்து பதினாலு புளியங்கொட்டையும் மூணு சில்லும் அந்தந்த இடத்துல வச்சேன். நகர்த்த வேண்டியது நான். ரொம்ப நேரம் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் மூணாவது நகர்த்தல்ல மாட்டிக்கிறேன்.